ஒரு சாண் தூரத்தில் நெருப்பு: வெளியூருக்குக் கொண்டுபோகும் அடுப்பைத் தேர்ந்தெடுப்பதும் பயன்படுத்துவதும்

வீட்டுச் சமையலறையில் அடுப்பு மேடைமேல் இருக்கிறது, சிலிண்டர் கீழே இருக்கிறது. நடுவே ஒரு கடப்பைக்கல், நீளமான ரப்பர் குழாய், ரெகுலேட்டர். காற்று அடிக்காது, தரை சரியாது. இத்தனை பாதுகாப்பு நம்மைச் சுற்றி இருப்பதை நாம் நினைத்துப் பார்ப்பதே இல்லை.

சுற்றுலாவுக்கோ மலையேற்றத்துக்கோ எடுத்துப்போகும் சின்ன அடுப்பில் இவற்றில் ஒன்றும் கிடையாது. எரியும் நெருப்பும் அடைத்துவைத்த எரிபொருளும் ஒரு சாண் தூரத்தில் அக்கம்பக்கமாக உட்கார்ந்திருக்கும். அந்த ஒரு சாணை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் ஒவ்வொரு விதிக்கும் காரணம் உங்களுக்கே புரிந்துவிடும்.

என்னென்ன வகைகள் இருக்கின்றன?

முதலாவது, மேசை அடுப்பு. சின்ன பிளாஸ்டிக் பெட்டியில் வரும். தட்டையாக, ஒற்றை பர்னரோடு இருக்கும். ஸ்ப்ரே டப்பா போன்ற நீளமான கேஸ் கேனை அதன் பக்கவாட்டு அறையில் படுக்கவைத்துப் பூட்ட வேண்டும். குழாயே இல்லாத இந்த அடுப்பை 1969-இல் ஜப்பானின் இவதானி நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று நம் ஊர்க் கடைகளில் அதிகம் கிடைப்பது இந்த வகைதான்.

இரண்டாவது, திருகு அடுப்பு. உள்ளங்கையில் அடங்கிவிடும். குட்டையான, உருண்டையான கேனின் தலையில் நேராகத் திருகிப் பொருத்த வேண்டும். எடை மிகக் குறைவு என்பதால் முதுகுப்பையில் சுமந்து நடப்பவர்களுக்கு ஏற்றது.

மூன்றாவது, 5 கிலோ சிலிண்டரும் தனி அடுப்பும். எண்ணெய் நிறுவனங்களே இந்தச் சிலிண்டரை விற்கின்றன. அடையாளச் சான்று காட்டி வாங்கலாம்.

நான்காவது, மண்ணெண்ணெய் பம்பு ஸ்டவ். நம் பாட்டிமார் பின் குத்தி, பம்பு அடித்துப் பற்றவைத்த அதே பித்தளை அடுப்பின் பரம்பரை. இந்த வகையை 1892-இல் சுவீடனில் லிண்ட்குவிஸ்ட் என்பவர் உருவாக்கினார். பிரைமஸ் என்ற பெயரில் உலகெங்கும் போனது. டென்சிங்கும் ஹிலாரியும் 1953-இல் எவரெஸ்ட் ஏறியபோதும் பனியை உருக்கிக் குடிநீர் தந்தது பிரைமஸ்தான். கடுங்குளிரிலும் நன்றாக எரியும். ஆனால் அடைப்பை எடுக்காமல் மேலும் மேலும் காற்றடித்தாலும், அணைத்த சூடு ஆறுமுன் எண்ணெய் ஊற்றினாலும், மண்ணெண்ணெயில் பெட்ரோல் கலந்தாலும் ஆபத்து. பழகிய கை இல்லாவிட்டால் வேண்டாம்.

இவை தவிர, ஸ்பிரிட்டில் எரியும் சின்னக் கிண்ண அடுப்பும், வெள்ளைக் கட்டிகளை (ஹெக்சமின் என்னும் திட எரிபொருள்) வைத்து எரிக்கும் மடக்கு அடுப்பும் உண்டு. இரண்டிலும் ஒரு டம்ளர் டீ போடலாம். குடும்பத்துக்குச் சமைக்க முடியாது. ஸ்பிரிட் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்து மறுபடி ஊற்றும்போதுதான் தீ பாட்டிலுக்குள் பாய்கிறது.

இவற்றில் எனக்கு எது பொருந்தும்?

இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். அடுப்பை எது சுமக்கப்போகிறது, காரா முதுகா? எத்தனை பேருக்குச் சமையல்?

காரில் போகும் நான்கு பேர் கொண்ட குடும்பம் என்றால் மேசை அடுப்பு போதும். தரையோடு ஒட்டி நிற்பதால் பாத்திரம் எளிதில் கவிழாது. குழந்தைகள் சுற்றி ஓடும் இடத்தில் இது பெரிய விஷயம்.

நடந்தே போகும் இரண்டு பேர் என்றால் திருகு அடுப்பு. அதில் கேன், அதன்மேல் அடுப்பு, அதன்மேல் பாத்திரம் என்று கோபுரம்போல் உயர்ந்துவிடும். ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர் பாத்திரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வேன் எடுத்துக்கொண்டு பத்துப் பதினைந்து பேர் போகிறீர்களா? அப்படியானால் 5 கிலோ சிலிண்டர்தான் சரி. அதில் குழாய் இருப்பதால் வீட்டில் கிடைக்கும் தூரம் அங்கேயும் கிடைக்கிறது. சிலிண்டரை எப்போதும் நிமிர்த்தியே வையுங்கள். படுக்கவைத்தால் திரவமாகவே கேஸ் வெளியே வந்து தீ பல மடங்காகப் பாயும்.

கடையில் நிரப்பித் தரும் குட்டிச் சிலிண்டரை வாங்கலாமா?

வேண்டாம். வீட்டுச் சிலிண்டரிலிருந்து இப்படி மாற்றி நிரப்புவது சட்டப்படி குற்றம். அதைவிட முக்கியம், எத்தனை முறை நிரப்பப்பட்டது, வால்வு எப்போது சோதிக்கப்பட்டது என்று எதுவுமே உங்களுக்குத் தெரியாது. ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத சிலிண்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சமைக்காதீர்கள். ஒருமுறை பயன்படுத்தும் கேன்களில் திரும்ப நிரப்புவதும் அதே அளவு ஆபத்து.

அடுப்பை வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

மேசை அடுப்பில், அழுத்தம் கூடினால் கேனைத் தானே விடுவிக்கும் பாதுகாப்பு அமைப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். பூட்டும் நெம்புகோல் உறுதியாக விழுகிறதா என்று கடையிலேயே இரண்டு முறை போட்டுப் பாருங்கள்.

திருகு அடுப்பில், பாத்திரம் தாங்கும் கால்கள் விரிந்து உறுதியாக நிற்கின்றனவா, தீயைச் சன்னமாகக் குறைக்க முடிகிறதா என்று பாருங்கள். முழுத் தீ மட்டும் தெரிந்த அடுப்பில் உப்புமா அடிப்பிடித்துவிடும்.

கேன் கிடைக்குமா என்பதும் முக்கியம். நீளக் கேன் உருண்டைக் கேன் அடுப்பில் பொருந்தாது. போகிற ஊரில் கிடைக்கும் என்று நம்பாமல், தேவையான கேன்களை முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

குளிரில் தீ ஏன் மங்கிவிடுகிறது?

கேனைக் குலுக்கினால் உள்ளே திரவம் ஆடும் சத்தம் கேட்கும். அந்தத் திரவம் ஆவியானால்தான் எரியும். மலிவான கேன்களில் பெரும்பாலும் இருப்பது பியூட்டேன். அது மைனஸ் 0.5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஆவியாகாது. மார்கழி, தை மாதங்களில் ஊட்டியின் புல்வெளிகளில் உறைபனி படியும் விடியற்காலையில், கேன் நிறைய கேஸ் இருந்தும் அடுப்பு எரியாமல் போவது இதனால்தான்.

அவ்வளவு குளிர் இல்லாத ஊரிலும் இது நடக்கலாம். திரவம் ஆவியாகும்போது தன்னைச் சுற்றியிருக்கும் சூட்டை இழுத்துக்கொள்ளும். கையில் ஸ்பிரிட் தடவினால் சில்லென்று இருக்குமே, அதேபோல. கால் மணி நேரம் எரித்தபின் கேனைத் தொட்டால் ஜில்லென்று இருக்கும், வெளியே ஈரம் கோத்திருக்கும்.

இதற்குத் தீர்வு, ஐசோபியூட்டேனும் புரோப்பேனும் கலந்த கேனை வாங்குவது. ஐசோபியூட்டேன் மைனஸ் 11.7 டிகிரி வரையிலும், புரோப்பேன் மைனஸ் 42 டிகிரி வரையிலும் ஆவியாகும். கலவை என்ன என்பது கேன்மேல் அச்சிட்டிருக்கும். கலவைக் கேன் கிடைக்கவில்லை என்றால் இரவில் கேனைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு தூங்குங்கள். கேனைத் தீயில் காட்டியோ கொதிநீரில் வைத்தோ சூடாக்கவே கூடாது.

கேனை எப்படிப் பொருத்துவது?

திறந்தவெளியில், பக்கத்தில் வேறு எந்தத் தீயும் இல்லாத இடத்தில் பொருத்துங்கள். அதற்கு முன் அடுப்பின் திருகி (குமிழ்) மூடியிருக்கிறதா என்று பாருங்கள்.

நீளக் கேனின் கழுத்து விளிம்பில் ஒரு சின்ன வெட்டு இருக்கும். அது மேல்பக்கம் பார்க்கும்படி வைக்க வேண்டும். கேனுக்குள் ஒரு வளைந்த குழாய் இருக்கிறது. வெட்டு மேலே இருந்தால் குழாயின் வாய் திரவத்துக்கு மேலே, ஆவி இருக்கும் இடத்தில் நிற்கும். திருப்பி வைத்தால் திரவமே வெளியே வந்து தீ ஓங்கிப் பாயும்.

சில அடுப்புகளில் பாத்திரம் வைக்கும் தாங்கியை, பெட்டியில் அடங்குவதற்காகக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். அதை நிமிர்த்திப் போடாமல் பற்றவைத்தால் தீ பக்கவாட்டில், கேன் இருக்கும் திசையில் பரவும்.

பொருத்தியதும் காது கொடுத்துக் கேளுங்கள். 'ஸ்ஸ்' என்ற சத்தமோ கேஸ் வாடையோ இருந்தால் பற்றவைக்காதீர்கள். சந்தேகம் இருந்தால் இணைப்பில் சோப்புத் தண்ணீரைத் தடவுங்கள். குமிழி வந்தால் கசிகிறது என்று பொருள். தீக்குச்சி கொளுத்திச் சோதிக்கும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, பள்ளமான இடத்தில் தேங்கி நிற்கும். அதனால் குழியில் அடுப்பை வைக்காதீர்கள்.

மேசை அடுப்பில் தோசைக்கல் வைக்கலாமா?

நம் வீடுகளில் எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி இது. வீட்டில் இருக்கும் பெரிய தோசைக்கல்லை வைக்கக் கூடாது.

ஒருமுறை ஏற்காட்டுக்கு எட்டுப் பேர் போயிருந்தோம். அத்தை ஆசையோடு மாவும் கனமான இரும்புத் தோசைக்கல்லும் எடுத்துவந்திருந்தார். பர்னரைத் தாண்டி, கேன் இருக்கும் அறையின் மூடிவரை கல் விரிந்து கிடந்தது. பத்தாவது தோசையோ என்னவோ, 'டக்' என்று ஒரு சத்தம். நெம்புகோல் தானாக மேலே எகிறியது, தீ அணைந்தது. “கேஸ் தீந்துபோச்சா?” என்றார் அத்தை. மூடியைத் தொட்ட நான் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். கேன் தீரவில்லை. கல்லின் சூடு கீழே இறங்கிக் கேனைச் சுட வைத்திருந்தது. அழுத்தம் கூடியதும் பாதுகாப்பு அமைப்பு கேனை விடுவித்துவிட்டது. அது வேலை செய்யாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அன்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அதனால் பாத்திரத்தின் விளிம்பு கேன் அறையின் மேல் வரக் கூடாது. தோசைதான் வேண்டுமென்றால் சின்னக் கல்லாக எடுத்துப்போய், சின்னச் சின்னதாக வார்த்துக்கொள்ளுங்கள். அகலமான பிரியாணிக் குண்டானுக்கும் இதே விதிதான். இரண்டு மேசை அடுப்புகளை ஒட்டிவைத்து, ஒரே பெரிய பாத்திரத்தை இரண்டின்மேலும் ஏற்றுவது மிகவும் தவறு.

சமைக்கும்போது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேன் அறையின் மூடியைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு இருந்தால் கவனம். சூடு தெரிந்தால் அடுப்பை அணைத்துவிட்டு ஆறவிடுங்கள்.

காற்று அடித்தால் சுற்றி மறைப்புக் கட்டலாமா?

காற்றுதான் கேஸை வீணாக்கும் முதல் எதிரி. பலத்த காற்றில் இரண்டு மடங்கு கேஸ் செலவாகலாம். தண்ணீர் கொதிக்காமலே போனாலும் போகும். மறைப்பு அவசியம்தான்.

ஆனால் அடுப்பைச் சுற்றி நான்கு பக்கமும் கல்லோ தகடோ அடுக்கிவிடாதீர்கள். உள்ளே தேங்கும் சூடு நேராகக் கேனைத் தாக்கும். காற்று வரும் பக்கம் மட்டும் மறைத்து, எதிர்ப்பக்கத்தைத் திறந்துவிடுங்கள். மறைப்பு அடுப்பிலிருந்து ஒரு முழம் தள்ளியே இருக்கட்டும். ஒரு பாறையின் மறைவோ, கதவு மூடிய வண்டியின் மறைவோ கிடைத்தால் அதுவே போதும். வண்டியின் பெட்ரோல் டேங்க் பக்கம் மட்டும் வேண்டாம்.

மழை வந்தால் கூடாரத்துக்குள் சமைக்கலாமா?

கூடாது. மூடிய காருக்குள்ளும் கூடாது, ஜன்னல் சாத்திய விடுதி அறைக்குள்ளும் கூடாது. கேஸ் அடுப்புக்கு மட்டுமல்ல, கரி அடுப்புக்கும் கணப்புச் சட்டிக்கும் இதே விதிதான்.

காரணம் இரண்டு. கூடாரத் துணி நைலானிலோ பாலியெஸ்டரிலோ ஆனது. தீப்பட்டால் உருகி மேலே ஒட்டும். இரண்டாவது காரணம் இன்னும் கொடியது. காற்று போதாத இடத்தில் எரியும் தீ கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவை வெளியிடும். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. முதலில் தலை வலிக்கும், பிறகு கிறுகிறுக்கும், குமட்டும். களைப்பு என்று நினைத்துப் படுத்தால் எழுந்திருக்க முடியாமல் போகும். யாருக்காவது இந்த அறிகுறி தெரிந்தால் உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து மருத்துவமனைக்கு அழைத்துப்போங்கள்.

மழைக்கு என்ன வழி? நான்கு பக்கமும் திறந்த கொட்டகை, அல்லது தலைக்கு மேல் உயரமாகக் கட்டிய தார்ப்பாய். அதுவும் இல்லையென்றால் அந்த ஒரு வேளை அவலும் பழமும் சாப்பிட்டுக்கொள்ளலாம்.

எத்தனை கேன் எடுத்துப்போவது?

காற்றில்லாத இடத்தில், மூடி போட்ட பாத்திரத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்க ஏறக்குறைய 15 கிராம் கேஸ் செலவாகும். 220 கிராம் கேஸ் உள்ள நீளக் கேன் ஒன்றில் சுமார் 14 லிட்டர் கொதிக்க வைக்கலாம். வெளியில் காற்று அடிக்கும் என்பதால் 10 லிட்டர் என்றே கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். மேசை அடுப்பை முழுத் தீயில் விட்டால் ஒரு கேன் ஒன்றேகால் மணி நேரம் வரும்.

நான்கு பேருக்கு இரண்டு வேளை டீயும் ஒரு வேளை சாதம், குழம்பும் என்றால் நாளுக்கு ஒரு கேன். கையிருப்பாக ஒன்று கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். பாதி தீர்ந்த கேனில் எவ்வளவு மீதி என்று அறிய, புதுக் கேனைச் சமையலறைத் தராசில் நிறுத்து எடையை அதன்மேலேயே எழுதிவைத்தால் போதும்.

மிச்சப்படுத்தும் வழி நம் வீட்டிலேயே இருக்கிறது. அரிசியையும் பருப்பையும் அரை மணி நேரம் முன்பே ஊறவையுங்கள். சாதம் முக்கால் பதம் வெந்ததும் இறக்கி, மூடியோடு கனமான துண்டிலோ போர்வையிலோ சுற்றி இருபது நிமிடம் வையுங்கள். மீதியைச் சூடே பார்த்துக்கொள்ளும்.

மலையில் சாதம் ஏன் சீக்கிரம் வேகுவதில்லை?

உயரம் போகப்போகக் காற்றின் அழுத்தம் குறையும். அதனால் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். ஏறத்தாழ ஒவ்வொரு 300 மீட்டருக்கும் ஒரு டிகிரி குறைகிறது. 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதிக்கும். தளதளவென்று கொதித்தாலும் சூடு குறைவு என்பதால் பருப்பு வேக நேரமாகும். தீயைக் கூட்டிப் பயனில்லை, கேஸ்தான் போகும். வண்டியில் போகிறவர்கள் ஒரு சின்ன பிரஷர் குக்கர் எடுத்துப்போங்கள். நடந்து போகிறவர்கள் சேமியா, ரவை, அவல் என்று சீக்கிரம் வேகும் பொருள்களாகப் பாருங்கள்.

எங்கே பற்றவைக்கலாம், எங்கே கூடாது?

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் 30-ஆம் பிரிவு, சரணாலயத்துக்கு ஆபத்து நேரும் வகையில் அதற்குள் தீ மூட்டுவதைத் தடைசெய்கிறது. தேசியப் பூங்காக்களுக்கும் அது பொருந்தும். காட்டுப் பாதையில் நடக்க அனுமதி கிடைத்துவிட்டால் அடுப்பு பற்றவைக்கவும் அனுமதி கிடைத்ததாக அர்த்தமில்லை. வனத்துறையிடம் தனியாகக் கேளுங்கள். கூடாது என்றால் சமைத்த கட்டுச்சோறு கொண்டுபோங்கள்.

இது வெறும் சட்டப் பேச்சு இல்லை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீயில், மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். மாசி, பங்குனியில் காய்ந்த புல் எவ்வளவு வேகமாக எரியும் என்பதை அந்த நாள் காட்டியது. கோடையில் புல்வெளிப் பக்கம் அடுப்பையே எடுக்காதீர்கள்.

அனுமதி உள்ள இடத்தில் மண்தரை, மணல், பாறை இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். சுற்றிலும் ஓர் ஆள் நீளத்துக்குச் சருகைக் கூட்டி ஒதுக்குங்கள். ஒரு குடம் தண்ணீரும் ஈரச் சாக்கும் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். எரியும் அடுப்பை விட்டு ஒரு நிமிடம்கூட நகராதீர்கள். பொருளைத் தூக்கக் குரங்கு வந்தாலே போதும், பாத்திரம் கவிழ்ந்துவிடும்.

ரயிலில், விமானத்தில் எடுத்துப்போகலாமா?

கேஸ் நிரப்பிய எதையும் எடுத்துப்போகக் கூடாது. 2023 ஆகஸ்ட் 26 அதிகாலையில், மதுரை ரயில் நிலையத்தருகே நின்றிருந்த சுற்றுலாப் பெட்டியில் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த பயணிகள் அவர்கள். விதியை மீறிப் பெட்டிக்குள் கொண்டுவந்திருந்த கேஸ் சிலிண்டர்தான் காரணம். ரயில்வே சட்டம், 1989-இன்படி ஆபத்தான பொருளை ரயிலில் கொண்டுபோனால் மூன்று ஆண்டு வரை சிறை கிடைக்கலாம்.

விமானத்தில் கைப்பையிலும் கூடாது, சரக்குப் பெட்டியிலும் கூடாது. சொந்த வண்டியில் போகும்போதுகூட வெயிலில் நிறுத்திய காருக்குள் கேனை விட்டுப் போகாதீர்கள். 50 டிகிரியைத் தாண்டக் கூடாது என்று கேன்மேலேயே எழுதியிருக்கும். சித்திரை வெயிலில் மூடிய காரின் கண்ணாடியோரம் அதைத் தாண்டிவிடும்.

காலிக் கேனை என்ன செய்வது?

வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவாருங்கள். காலியாகத் தெரிந்தாலும் உள்ளே கொஞ்சம் கேஸ் இருக்கும். குப்பை எரியும் இடத்தில் போட்டால் வெடிக்கும். அதை எரிப்பவர் யாரோ ஒரு துப்புரவுப் பணியாளராக இருப்பார். பழைய இரும்பு எடுப்பவரிடம் கொடுக்கும்போது கேஸ் கேன் என்று வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள்.

தீ பிடித்தால், சுட்டுவிட்டால்?

முதலில் திருகியை மூடுங்கள். எட்ட முடியாத அளவு தீ எழுந்தால் எல்லோரும் விலகி ஓடுங்கள். அடுப்பு போனால் போகட்டும். எண்ணெய்ச் சட்டியில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாமல் மூடியால் மூடுங்கள். துணியில் பிடித்தால் தரையில் உருண்டு, ஈரச் சாக்கால் போர்த்த வேண்டும். சமைப்பவர் பருத்தி உடையில் இருப்பதும், முந்தானையையும் துப்பட்டாவையும் இழுத்துச் செருகிக்கொள்வதும் நல்லது.

சுட்ட இடத்தில் இருபது நிமிடம் குளிர்ந்த தண்ணீர் ஓடட்டும். பேனா மை, டூத் பேஸ்ட், மாவு எதையும் தடவாதீர்கள். கொப்புளம் பெரிதாக இருந்தாலோ, முகத்திலோ கையிலோ பட்டிருந்தாலோ மருத்துவரிடம் போங்கள்.

கிளம்புவதற்கு முதல் நாள் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. மொட்டை மாடியில் அடுப்பை விரித்து, வீட்டில் எல்லோரும் பார்க்க ஒரு டீ போடுங்கள். கேனைப் பொருத்துவதையும் கழற்றுவதையும் பெரியவர்கள் இருவராவது செய்து பழகட்டும். தண்ணீர் கொதிக்கும்போது புறங்கையால் கேன் அறையின் மூடியைத் தொட்டுப் பாருங்கள், பக்கத்தில் நிற்பவரையும் தொடச் சொல்லுங்கள். சாதாரணமாக அது எப்படி இருக்கும் என்று கைக்குத் தெரிந்துவிட்டால், மலையில் சூடு ஏறும்போது அந்தக் கையே உங்களுக்குச் சொல்லிவிடும்.